சம்பளம்: பழைய தபால்தலை

ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே ஒரு ஹரிகேன் போர்விமானம். ஓட்டுபவன் பெயர் கஸ். தற்செயலாக இறக்கைப் பக்கம் திரும்புகிறான். ஒரு சாண்கூட உயரமில்லாத ஒருவன் அங்கே நிற்கிறான். உருண்டை முகம், தலையில் இரண்டு குட்டிக் கொம்பு, காலில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்ளும் கறுப்பு பூட்ஸ். அந்த வேகக் காற்றிலும் அசையாமல் நின்று, தச்சர் பலகையில் ஓட்டை போடுவதுபோல நிதானமாக இறக்கையைத் துளைத்துக்கொண்டிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் விமானம் கையைவிட்டுப் போகிறது. கஸ் பாராசூட்டில் குதிக்கிறான். அவனோடு சேர்ந்து அந்தக் குள்ளனும் அவனைப் போன்ற இன்னும் சிலரும் குதிக்கிறார்கள். கடலில் விழுவதற்குள் பேச்சுவார்த்தை நடக்கிறது. எதற்காக இந்த வேலை என்ற கேள்விக்கு அவர்களிடம் தெளிவான பதில் இருக்கிறது. வடக்கே ஒரு பசுங்காட்டில் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தோம். நீங்கள் வந்து மரங்களை வெட்டிச் சாய்த்து, அந்த இடத்தில் விமானத் தொழிற்சாலை கட்டினீர்கள். அங்கே செய்த விமானத்தைத்தான் நாங்கள் இப்போது உடைக்கிறோம்.

1943-ல் வெளிவந்த இந்தக் குழந்தைகள் கதையின் பெயர் 'தி கிரெம்லின்ஸ்'. எழுதியவர் ரோல்ட் டால், அப்போது பிரிட்டிஷ் விமானப்படையில் ஃபிளைட் லெப்டினன்ட். பின்னாளில் அவருக்குப் புகழ் தந்த சாக்லேட் தொழிற்சாலைக் கதையும் ராட்சதப் பீச் பழக் கதையும் வருவதற்குப் பல வருடங்கள் முன்னால் வந்த அவருடைய முதல் புத்தகம் இது. படங்கள் வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோ ஓவியர்கள் வரைந்தவை. மேலோட்டமாகப் படித்தால் போர்க்காலப் பிரச்சாரம்: சேட்டைக்காரக் குட்டிகள் மனம் திருந்தி, ஹிட்லருக்கு எதிராக மனிதர்களோடு கைகோக்கிறார்கள். ஆனால் கால்வாய்க்கு மேலே சொல்லப்பட்ட அந்தப் பதில் கதையை விட்டுப் போகவே மறுக்கிறது. நம்முடைய ஆட்களின் விமானத்தை உடைப்பவன் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. கதையின் முரண்நகை தொடங்கும் இடம் இதுதான்.

முதலில் இந்தப் பெயரைப் பற்றி. தமிழில் எழுதினால் மாஸ்கோவில் இருக்கும் ரஷ்ய அரண்மனையும் இந்தக் குள்ளனும் ஒரே எழுத்தில் வந்து நிற்கிறார்கள். ஆங்கிலத்தில் முதல் ஒலி வேறு. நம் எழுத்தில் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையில் கிரெம்லின் என்றால் குள்ளன்தான், அரண்மனை அல்ல. 1944-ல் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ ஒரு கார்ட்டூன் எடுத்தது. ஹிட்லரின் குண்டுவீச்சு விமானத்தில் ரஷ்யக் குள்ளர்கள் ஏறிப் பிரித்து மேய்வார்கள். ஆங்கிலத்தில் எதுகைக்காக இரண்டு சொல்லையும் சேர்த்துத்தான் அதற்கு முதலில் தலைப்பு வைத்திருந்தார்கள். தமிழில் அந்தச் சிலேடைக்கு உழைக்கவே வேண்டாம்.

நமக்குப் பழக்கமான சொல் குட்டிச்சாத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. குட்டிச்சாத்தானை யாரோ ஏவிவிடுகிறார்கள். ஏவியவன் யார் என்று கண்டுபிடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கிரெம்லினை யாரும் ஏவுவதில்லை. டால் எழுதுவதற்கு முன்பு அதற்குக் காரணமும் கிடையாது. 1920-களிலிருந்தே விமானப்படை ஆட்களின் பேச்சில் இந்தச் சொல் புழங்கியது. காரணம் தெரியாத கோளாறு எதுவானாலும் அது கிரெம்லின் வேலை. திசைகாட்டி தப்பாகக் காட்டினால், ரேடியோ திடீரென்று ஊமையானால், இறக்கையில் பனி பிடித்தால் எல்லாம் அதன் கைங்கரியம். போர் வந்தபிறகு, ஆயுதமில்லாத விமானத்தில் 30,000 அடிக்கு மேல் தனியாகப் பறந்து எதிரி நாட்டைப் படம்பிடித்துவரும் உளவு விமானிகளிடம் இந்தக் கதைகள் அதிகம் உலவின. அவ்வளவு உயரத்தில், உறையும் குளிரில், பிராணவாயு கொஞ்சம் குறைந்தாலும் மூளை தடுமாறும். தடுமாறுகிறோம் என்பதுகூட மூளைக்குத் தெரியாது. அந்த நிலையில் இறக்கையில் ஒருவன் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றினால் ஆச்சரியமில்லை.

ஆனால் மயக்கம் மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டிஷ் விமானப்படையில் ஃபார்ம் 700 என்று ஒரு படிவம் இருந்தது. விமானம் கிளம்பும் முன்னால் இன்ஜினைப் பார்த்த ஃபிட்டர் கையெழுத்துப் போடுவார், உடலையும் இறக்கையையும் பார்த்த ரிக்கர் கையெழுத்துப் போடுவார், கடைசியில் விமானி கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறுவார். மேலே போனபிறகு இன்ஜின் நின்றால் என்ன அர்த்தம்? அந்தத் தாளில் இருக்கும் மூன்று பேரில் ஒருவர் தப்புச் செய்திருக்கிறார். தினமும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள். நாளைக்கும் அதே ஃபிட்டரை நம்பித்தான் ஏறியாக வேண்டும். அந்த இடத்தில் நாலாவதாக ஒருத்தன் தேவைப்படுகிறான், கையெழுத்துப் போடாத ஒருத்தன். யாரையும் குற்றம் சொல்லாமல் குற்றத்தைச் சொல்ல உதவினான் கிரெம்லின்.

கோளாறுக்குப் பின்னால் உண்மையில் என்ன இருந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் அந்த ஹரிகேனிலேயே இருக்கிறது. ஹரிகேனையும் ஸ்பிட்ஃபயரையும் ஓட்டிய ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜினுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதிரியைத் துரத்திக்கொண்டு விமானி மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் இன்ஜின் ஒரு கணம் இருமி நின்றுவிடும். துரத்தப்படும் ஜெர்மன் விமானம் அந்த ஒரு கணத்தில் தப்பிப் போய்விடும். காரணம் கார்புரேட்டர்தான். மூக்கு திடீரென்று இறங்கும்போது உள்ளே இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பும், அளவு குழம்பும், கடைசியில் இன்ஜினுக்குள் பெட்ரோல் வெள்ளமாகப் பாயும். ஜெர்மன் இன்ஜின்கள் பெட்ரோலை நேராகப் பீய்ச்சியடித்ததால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1941-ன் தொடக்கத்தில் ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தில் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் இதற்கு வழி கண்டார். நடுவில் துளையுள்ள ஒரு சின்ன உலோகத் துண்டு. பெட்ரோல் வரும் வழியில் அதைப் பொருத்தினால், இன்ஜினுக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாக உள்ளே போகாது. முழுத் தீர்வு இல்லை, ஆனால் சமாளிக்கப் போதுமானது. கதையில் குள்ளன் துளை போட்டு விமானத்தைக் கெடுக்கிறான். நிஜத்தில் ஒரு பெண்மணி துளை போட்டுத்தான் அதைச் சரிசெய்தார்.

இனி டாலின் சொந்தக் கதை. அதைத் தெரிந்துகொள்ளாமல் கஸ்ஸின் கதையைப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

1940 செப்டம்பர். இங்கிலாந்தின் வானத்தில் பிரிட்டன் வான்போர் உச்சத்தில் இருக்கிறது. கதையில் கஸ் பறப்பது அந்த வானத்தில். டால் அங்கே இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் எண்ணெய் நிறுவன வேலையிலிருந்து விமானப்படையில் சேர்ந்து, நைரோபியிலும் ஈராக்கிலும் பயிற்சி முடித்து, செப்டம்பர் 19 அன்று கிளாடியேட்டர் என்ற, இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட பழைய விமானத்தில் எகிப்தின் பாலைவனத்துக்கு மேலே தன் படைப்பிரிவைத் தேடிப் பறந்துகொண்டிருந்தார். சொல்லப்பட்ட இடத்தில் விமானத்தளம் இல்லை. இருட்டுகிறது, பெட்ரோல் தீர்கிறது. பாலைவனத்திலேயே இறக்க முயன்றார். சக்கரம் பாறையில் மோதியது. மண்டை ஓட்டில் விரிசல் விழுந்தது, மூக்கு நசுங்கியது, கொஞ்ச காலம் கண் தெரியவில்லை. எரிகிற விமானத்திலிருந்து ஊர்ந்து வெளியே வந்தார். அவரிடம் கொடுக்கப்பட்ட இடக்குறிப்பே தவறு என்பதைப் பின்னாளில் அவரே எழுதினார்.

இரண்டு வருடம் கழித்து, 1942 ஆகஸ்டில், அமெரிக்காவின் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் அவருடைய முதல் எழுத்து வந்தது. அந்த விபத்தைப் பற்றியதுதான். தலைப்போ, லிபியாவுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டேன் என்கிற தோரணையில் இருந்தது! சுட்டது யார்? யாரும் இல்லை. ஒரு அலுவலகத்தில் யாரோ தப்பாகச் சொன்ன இடக்குறிப்பு. ஆனால் போர்க்காலப் பத்திரிகைக்கு அது தலைப்பாகாது. எதிரி வேண்டும். அதே வருடம்தான் டால் கிரெம்லின் கதையையும் எழுதுகிறார். விமானம் விழுந்ததற்குக் காரணம் எதிரியும் இல்லை, நம்மவரும் இல்லை, இறக்கையில் நின்ற குள்ளன் என்று சொல்லும் கதை. முதல் எழுத்தில் பழி எதிரிமேல் விழுந்தது. இரண்டாவதில் குள்ளன்மேல் விழுந்தது. நிஜமான காரணம் இரண்டிலும் இல்லை. டால் இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பழியை எங்கே இறக்கிவைப்பது என்ற தேட்டம் அந்த வருடம் முழுக்க அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

டால் 1941 ஏப்ரலில் கிரேக்கத்தில் ஹரிகேன் ஓட்டிப் போரிட்டார். அப்புறம் பழைய அடியின் விளைவாகக் கடுமையான தலைவலி, மயக்கம். பறக்கத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1942-ல் வாஷிங்டன் தூதரகத்தில் ஒரு நாற்காலி வேலை. கதையில் கஸ்ஸும் ஒரு மோசமான விபத்தில் சிக்கிப் பறக்கும் தகுதியை இழக்கிறான். அவனை மறுபடி விமானத்தில் ஏற்றிவிடுவது யார்? திருந்திய கிரெம்லின்கள். கீழே தள்ளிய கூட்டமே கைதூக்கி ஏற்றிவிடுகிறது. எழுதிக்கொண்டிருந்தவருக்கு அப்படிக் கைகொடுக்க ஒருவரும் வரவில்லை. குழந்தைகள் கதைக்குள் ஒரு விமானி தனக்கே எழுதிக்கொண்ட மருத்துவச் சான்றிதழ்போல இருக்கிறது அந்தப் பகுதி.

இனி காட்டுக்குத் திரும்பலாம்.

கிரெம்லினுக்கு ஒரு காரணம் கொடுத்ததுதான் டால் செய்த பெரிய காரியம். அதுவரை வெறும் சேட்டை. அவர் கையில் அது பழிவாங்கல் ஆயிற்று, அதுவும் நியாயமான பழிவாங்கல். இங்கிலாந்தில் இதற்கு ஒரு பழைய தடம் உண்டு. 1811-ல் நாட்டிங்ஹாம் பக்கம் காலுறை பின்னும் தொழிலாளிகள் இரவில் கூட்டமாக வந்து, தங்கள் பிழைப்பைக் கெடுத்த இயந்திரங்களை உடைத்தார்கள். தங்கள் தலைவன் பெயர் லுட் என்றார்கள். அப்படி ஒரு ஆள் இருந்ததற்குச் சான்று கிடையாது. அவன் ஷெர்வுட் காட்டில் வசிப்பதாகப் பாட்டுக் கட்டினார்கள். காட்டில் வாழும், கண்ணில் படாத, இயந்திரம் உடைக்கும் ஒருவன்! அரசாங்கம் 1812-ல் இயந்திரம் உடைப்பதற்கு மரண தண்டனை என்று சட்டம் போட்டது. 1813 ஜனவரியில் யார்க் நகரில் மட்டும் 17 பேர் தூக்கில் தொங்கினார்கள். டால் லுட்டை மனத்தில் வைத்து எழுதினாரோ என்னவோ, கிரெம்லின்கள் அந்த வம்சம்தான். 130 வருடம் கழித்து அவர்களுக்குத் தூக்கு இல்லை, சீருடை.

அந்த ஒப்பந்தத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கஸ் அவர்களிடம் வைக்கும் வாதம் இது: நாம் இருவரும் அடித்துக்கொள்வதில் பயனில்லை, இருவருக்கும் பொது எதிரி ஹிட்லரும் நாஜிகளும். இந்த வாதம் உண்மையில் நல்ல வாதம். நாஜிகள் ஜெயித்தால் என்ன ஆகியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். அதனால்தான் இதில் இருக்கும் முரண்நகை கூர்மையாகக் குத்துகிறது. அடுத்தவன் மண்ணைப் பிடுங்குகிறவனை எதிர்த்து நடக்கும் போர் அது. அந்தப் போருக்காகத் தங்கள் மண்ணைப் பறிகொடுத்தவர்களிடமே, பறித்தவர்கள் பக்கம் நின்று சண்டை போடச் சொல்கிறார்கள். அவர்களும் சரி என்கிறார்கள். விமானத்தை உடைக்கத் தெரிந்த கைகளுக்கு அதைப் பழுதுபார்க்கப் பயிற்சி கொடுக்கப்படுகிறது. எங்கே தட்டினால் உடையும் என்று தெரிந்தவனைவிட நல்ல மெக்கானிக் யார்? சரி, கூலி என்ன? காடு பேச்சில் இல்லை. கிரெம்லின்களுக்குப் பிடித்த தீனி உபயோகித்த தபால்தலை. அதைக் காட்டித்தான் அவர்களை வசப்படுத்துகிறார்கள்.

இந்தத் தபால்தலை எனக்கு மிகவும் பிடித்த இடம். முத்திரை குத்தி முடிந்த தபால்தலை மனிதனுக்குக் குப்பை. உறையோடு கிழித்துப் போடுவது. விமானப்படை முகாமுக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கும், எனவே சரக்குக்குப் பஞ்சமில்லை. ஒரு காட்டுக்கு ஈடாக மேசையில் மிச்சம் கிடக்கும் காகிதம்! காலனி நாடுகளின் வரலாற்றில் நிலத்துக்கு ஈடாகக் கண்ணாடி மணிகளும் கம்பளியும் கைமாறிய கதைகளைப் படித்த யாருக்கும் இந்தக் கணக்கு பழக்கமானதாகத் தெரியும். இன்னொன்று. உலகத்திலேயே பிரிட்டிஷ் தபால்தலையில்தான் நாட்டின் பெயர் இருக்காது, முடியரசரின் தலை மட்டும்தான். அப்படியென்றால் இந்தக் குள்ளர்கள் தின்பது ஆறாம் ஜார்ஜின் தலையை. இதை டால் யோசித்தாரா தெரியாது, ஆனால் யோசித்திருந்தால் சிரித்திருப்பார்.

குழந்தை படிக்கும்போது இதெல்லாம் தெரியுமா? ஒரு பாதி தெரியும் என்றுதான் சொல்வேன். காடு போச்சு என்ற இடத்தில் குழந்தை கிரெம்லின் பக்கம் சாய்ந்துவிடும். பெரியவர்களுக்கு அந்த இடத்தில் ஒரு முன்கதை கிடைக்கிறது, குழந்தைக்குக் கிடைப்பது ஒரு அநியாயம். பிறகு கதை எவ்வளவு உற்சாகமாக ஓடினாலும், அந்த அநியாயம் எப்போது சரிசெய்யப்படும் என்று அது காத்துக்கொண்டுதான் இருக்கும். டாலின் பிற்காலக் கதைகளில் பெரியவர்கள் செய்யும் அநியாயத்துக்குக் கணக்கு நேர்செய்யப்படாமல் புத்தகம் முடியாது. முதல் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. போர் நடந்துகொண்டிருந்தது, சீருடையில் இருந்தார், எழுதியதை மேலிடத்தில் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

கதையில் மரத்தை வெட்டியது வெறும் கற்பனைக்காக இல்லை. ஹரிகேனின் பின்னுடல் மரச்சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய துணிதான். மாஸ்கிட்டோ விமானத்தைக் கிட்டத்தட்ட முழுக்க மரத்திலேயே செய்தார்கள், பர்ச் ஒட்டுப்பலகையும் தென்னமெரிக்க பால்சாவும். போருக்காக பிரிட்டனின் காடுகள் வேகமாகச் சாய்ந்தன. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டதால் மரம் வெட்டுவதற்கென்றே 1942-ல் பெண்கள் படை ஒன்றை அமைத்தார்கள். கிரெம்லினின் வீடே விமானமாகி அதன்மேல் பறந்தது என்று சொன்னாலும் பொய்யில்லை.

வீட்டை விட்டுக்கொடுத்தவர்கள் மனிதர்களிலும் இருந்தார்கள். புத்தகம் வெளிவந்த அதே வருடம், 1943 டிசம்பரில், டார்செட் கடலோரத்தில் டைன்ஹம் என்ற சிற்றூரின் மக்கள், இருநூற்றுச் சொச்சம் பேர், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் ஊரைக் காலிசெய்தார்கள். பீரங்கிப் பயிற்சிக்கு ராணுவத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. கிளம்பும்போது தேவாலயக் கதவில் ஒரு சீட்டு ஒட்டினார்கள். தேவாலயத்தையும் வீடுகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், மனிதர்கள் சுதந்திரமாக வாழ வேண்டும் என்பதற்காக நடக்கும் போருக்காகத் தலைமுறைகளாக வாழ்ந்த வீடுகளை விட்டுக்கொடுத்திருக்கிறோம், ஒருநாள் திரும்பி வருவோம் என்று அதில் எழுதியிருந்தது. போர் முடிந்தது. 1948-ல் அரசு அந்த நிலத்தைக் கட்டாயமாகக் கையகப்படுத்தியது. யாரும் திரும்பவில்லை. கூரை போன வீடுகள் இன்றும் நிற்கின்றன, சுற்றுலாப் பயணிகள் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

புத்தகம் எப்படி டிஸ்னி வரை போனது என்பது தனிக் கூத்து. பணியில் இருக்கும் அதிகாரி எதை எழுதினாலும் அனுமதி வேண்டும் என்பதால், கையெழுத்துப்படி நியூயார்க்கில் பிரிட்டிஷ் தகவல் சேவையில் இருந்த சிட்னி பெர்ன்ஸ்டைனிடம் போனது. அவர் படித்துவிட்டு நேராக வால்ட் டிஸ்னிக்கு அனுப்பிவிட்டார். அமெரிக்கா போருக்குள் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அமெரிக்க வீடுகளில் பிரிட்டிஷ் விமானியைச் செல்லப்பிள்ளை ஆக்க இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. 1942 நவம்பரில் டால் ஹாலிவுட் போய் டிஸ்னி ஆட்களோடு உட்கார்ந்தார். டிசம்பரில் கதை 'காஸ்மோபாலிட்டன்' இதழில் பெகசஸ் என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த வருடம் ரேண்டம் ஹவுஸ் புத்தகமாகப் போட்டது. அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் தன் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டினார். வெள்ளை மாளிகை அழைப்பு டாலுக்கு வர அதுவும் ஒரு காரணம்.

படம் மட்டும் வரவே இல்லை. இயந்திரத்தை உடைக்கும் குள்ளர்களைப் பற்றிய படத்தை உடைத்தது காகிதம். பிரிட்டிஷ் விமான அமைச்சகம் திரைக்கதை தன் ஒப்புதலோடுதான் போக வேண்டும் என்றது. போர்ப்படங்கள் மக்களுக்குச் சலித்துக்கொண்டு வந்தன. அதைவிட அடிப்படையான சிக்கல் ஒன்று இருந்தது: கிரெம்லின் யாருடைய சொத்து? டால் கடைசிவரை அது தன் கண்டுபிடிப்பு என்பதுபோலவே பேசினார். விமானப்படையில் ஒரு வாரம் இருந்தவனுக்குக்கூட அந்தச் சொல் தெரியும். பல வருடங்களாக எத்தனையோ முகாம்களில், குளிரிலும் பயத்திலும் ஆளுக்கொரு சரடு விட்டு வளர்த்த பொதுச்சொத்து. ஆளில்லாக் காடு என்று நினைத்து டிஸ்னி வேலி போடப் பார்த்தது, உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மற்ற ஸ்டூடியோக்களிடம் இந்தச் சொல்லைத் தலைப்பில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார் வால்ட்டின் அண்ணன் ராய் டிஸ்னி. அதனால்தான் நான் முன்னால் சொன்ன அந்த வார்னர் கார்ட்டூன் தலைப்பை மாற்றிக்கொண்டது. கடைசியில் தலைப்பை விட்டுக்கொடுத்தவர்கள் படத்தை எடுத்து முடித்தார்கள், வேலி போட்டவர்களிடம் படம் இல்லை.

படம் போனாலும் ஒரு பெண் கிரெம்லின் தப்பித்தாள். டாலின் கதையில் பெண் கிரெம்லின்களுக்கு ஃபிஃபினெல்லா என்று பெயர். 1916-ல், டால் பிறந்த வருடத்தில், டெர்பி பந்தயத்தையும் ஓக்ஸ் பந்தயத்தையும் சேர்த்து ஜெயித்த பெண்குதிரையின் பெயர் அது. (குதிரை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானியர்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது, கஸ் ஓட்டும் அதே ஹரிகேன்களில் ஒரு பிரிவு கிளம்பியது கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்துதான். திடலை ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள்.) அமெரிக்காவில் டெக்சாஸின் ஸ்வீட்வாட்டரில் பயிற்சி பெற்ற பெண் விமானிகள் படை, டிஸ்னியிடம் கேட்டு ஃபிஃபினெல்லாவைத் தங்கள் சின்னமாக வாங்கிக்கொண்டது. இறக்கை முளைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, பாய்ந்து இறங்கும் அவளைத் தோல் ஜாக்கெட்டில் தைத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெண்கள் 1,000 பேருக்கும் மேல். தொழிற்சாலையிலிருந்து புது விமானங்களைத் தளங்களுக்குக் கொண்டுபோவது, பழுதுபார்த்ததை முதலில் ஓட்டிப் பார்ப்பது, பீரங்கிப் பயிற்சிக்கு இலக்குத் துணியை விமானத்தின் பின்னால் இழுத்துக்கொண்டு பறப்பது என்று இந்த வேலைகளைச் செய்தார்கள். 38 பேர் இறந்தார்கள். ராணுவ அந்தஸ்து கொடுக்காததால் இறந்தவர்களின் பெட்டிமேல் கொடி போர்த்தும் உரிமைகூட இல்லை. உடலை ஊருக்கு அனுப்பச் செலவுக்குத் தோழிகள் தங்களுக்குள் பணம் சேர்த்த சம்பவங்கள் உண்டு. 1944 டிசம்பரில் படையைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். முன்னாள் படைவீரர்கள் என்ற அங்கீகாரம் 1977-ல்தான் வந்தது. உழைப்பை வாங்கிக்கொண்டு பேரேட்டில் பெயர் எழுதாமல் விட்ட ஒரு கூட்டம், தன் சின்னமாகத் தேர்ந்தெடுத்தது தபால்தலைக்கு வேலைசெய்த இனத்தில் ஒருத்தியை. சின்னம் தேர்ந்தெடுத்தபோது இது எப்படி முடியும் என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

டால் கிரெம்லின்களை விடவில்லை. 1948-ல், டைன்ஹம் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட அதே வருடம், பெரியவர்களுக்கான தன் முதல் நாவலில் அவர்களை மறுபடி கொண்டுவந்தார். ஹிரோஷிமாவுக்குப் பிறகு எழுதியது. இதில் தபால்தலை ஆசை காட்டி யாரும் அவர்களை வசப்படுத்தவில்லை. ஒரு காலத்தில் பூமி எங்களுடையதாக இருந்தது, மனிதன் வந்து கெடுத்தான் என்று சொல்லிக்கொண்டு நிலத்தடியில் காத்திருக்கிறார்கள். மனிதனை அழிக்கத் திட்டம் போடுகிறார்கள். பிறகு திட்டமே தேவையில்லை என்று தெரிகிறது. அந்த வேலையை மனிதன் தானே அணுகுண்டால் செய்துகொண்டிருக்கிறான். இயந்திரத்தைக் கெடுக்க இனி யாரும் வர வேண்டாம், அது ஒழுங்காக வேலை செய்தாலே போதும். 1943-ல் கோளாறுதான் ஆபத்து. ஐந்து வருடத்தில், கோளாறே இல்லாத இயந்திரம் ஆபத்தாகிவிட்டது.

நாவல் விற்கவில்லை. டாலுக்கும் அது பிடிக்காமல் போயிற்று, வாழ்ந்த வரை மறுபதிப்புக்கு விடவில்லை. நடை கனமாக இருக்கிறது, கசப்பு அதிகம், குழந்தைகள் கதையில் இருந்த துள்ளல் கிடையாது. ஆனால் முடிவு ஒன்று இருக்கிறது. மனிதர்கள் எல்லாரும் செத்தொழிந்த பிறகு கிரெம்லின்கள் மேலே வருகிறார்கள். இழந்த பூமி கடைசியாகக் கைக்கு வந்துவிட்டது, பங்கு கேட்க ஒருவரும் இல்லை. அப்போதுதான் ஒவ்வொருவராக மறையத் தொடங்குகிறார்கள். அவர்கள் இருந்ததே மனிதர்களின் கற்பனையில்தான்.